சுண்டெலி நெளியாமல் இருந்ததற்குக் காரணம் என்ன?

கேமரூன் நாட்டின் வறண்ட வடபகுதியில் நௌக்லியா லாட்டிஃபோலியா என்றொரு சிறுமரம் வளர்கிறது. நம் ஊர் நுணாவும் கடம்பும் எந்தத் தாவரக் குடும்பமோ அதே குடும்பம். காய்ச்சல், வலிப்பு, உடல்வலி என்று பலவற்றுக்கும் அதன் வேர்ப்பட்டையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது அப்பகுதி மக்களின் வழக்கம். ஆய்வாளர்கள் அந்தப் பட்டைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வலி குறைந்தது. எந்தப் பொருளால் குறைந்தது என்று சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டே போனபோது கடைசியில் கையில் கிடைத்தது ட்ரமடால். 1962இல் ஜெர்மனியின் குருனென்தால் நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, 1977 முதல் மருந்துக்கடைகளில் விற்றுவரும் அதே வலிநிவாரணி. மனிதர்கள் புதிதாகச் செய்ததாக நினைத்ததை ஒரு மரம் முன்பே செய்துவைத்திருக்கிறது என்ற செய்தி 2013இல் ‘அங்கேவாண்டே கெமி’ இதழில் வெளிவந்து பரபரப்பானது.

அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. டார்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷ்பிட்டெல்லரின் குழு கேமரூனின் வெவ்வேறு இடங்களிலிருந்து வேர்களையும் மண்ணையும் சேகரித்து ஆராய்ந்தது. நாட்டின் தென்பகுதியில் அதே மரத்தில் ட்ரமடால் இல்லை. வடக்கில் மரத்தின் வேரில் இருந்தது. சுற்றியிருந்த மண்ணிலும் நீரிலும் இருந்தது. பக்கத்தில் வளர்ந்த வேறு செடிகளின் வேரிலும் இருந்தது. கூடவே, பாலூட்டிகளின் உடலுக்குள் ட்ரமடால் சிதையும்போது உண்டாகும் பொருள்களும் கிடைத்தன. ஒரு மரம் தானாக ட்ரமடாலைச் செய்யலாம் என்றே வைத்துக்கொண்டாலும், மாட்டின் கல்லீரல் செய்யும் வேலையையும் சேர்த்துச் செய்வானேன்? விசாரித்தபோது விடை கிடைத்தது. அப்பகுதி உழவர்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ட்ரமடால் மாத்திரையைத் தாங்களும் விழுங்கி, உச்சிவெயிலில் களைக்காமல் ஏர் இழுக்க மாடுகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறிய மருந்தை மண் வாங்கியது. மண்ணிலிருந்து வேர் உறிஞ்சியது.

முதல் குழு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மரத்துக்குள் ட்ரமடால் எப்படி உருவாகக்கூடும் என்று ஐசோடோப்பு அளவீடுகளைக் கொண்டு ஒரு வேதிப்பாதையைக் கணித்து 2015இல் கட்டுரை வந்தது. 2016இல் டார்ட்முண்ட் குழு கதிரியக்கக் கார்பனைக் கையில் எடுத்தது. உயிருள்ள செடி செய்யும் எந்தப் பொருளிலும் இன்றைய காற்றிலுள்ள அளவுக்குக் கார்பன்-14 இருந்தாக வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருளில் அது இருக்காது. பல கோடி ஆண்டுகளில் சிதைந்து தீர்ந்துபோயிருக்கும். சந்தையில் வாங்கிய மாத்திரையிலும் கார்பன்-14 இல்லை, அந்த மண்ணிலிருந்து பிரித்த ட்ரமடாலிலும் இல்லை.

இதில் எலிகள் எதையும் தவறாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. அவற்றுக்கு வலி குறைந்தது உண்மை. ‘இந்தச் சாறு வலியைக் குறைக்கிறதா?’ என்று கேட்டார்கள். ‘ஆம்’ என்று விடை வந்தது. ‘எதனால்?’ என்ற கேள்விக்கு எலிக்கூண்டில் விடை கிடையாது. வலிநிவாரண ஆய்வுகளில் ஒருவர் எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், விலங்கின் அசைவு குறைந்ததற்கு வேறு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் யோசித்திருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இந்தியாவின் மருந்தியல் கல்லூரிகளில் எம்.ஃபார்ம் மாணவர்களுக்கு இந்த வகை ஆய்வு மிகவும் பழக்கமானது. நொச்சி, முடக்கற்றான், எருக்கு, வாதநாராயணன், கண்டங்கத்தரி என்று நாட்டு மருத்துவத்தில் வலிக்குப் பயன்படும் செடி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். சுண்டெலிகளை ஆறு ஆறாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு வெறும் கரைசல், ஒன்றுக்கு டைக்ளோபினாக் அல்லது மார்ஃபின் போன்ற தெரிந்த மருந்து, மற்றவற்றுக்குச் சாறு. பெரும்பாலும் கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம். பிறகு இரண்டு மூன்று சோதனைகள். அவற்றில் அநேகமாகத் தவறாமல் இடம்பெறுவது அசிட்டிக் அமிலச் சோதனை.

வினிகரில் இருக்கும் அமிலம்தான் இது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான கரைசலைச் சுண்டெலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் அதன் வயிறு சுருங்கும், உடல் நீளும், பின்னங்கால்கள் விறைத்து நீட்டிக்கொள்ளும், முதுகு வளையும். இதை ஒரு நெளிவு என்று கணக்கு வைத்து, இருபது நிமிடங்களில் எத்தனை நெளிவு என்று எண்ணுவார்கள். மருந்து பெறாத எலியின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இத்தனை விழுக்காடு வலி குறைந்தது என்று எழுதுவார்கள். 1950களின் பிற்பகுதியில் இந்தச் சோதனை பிறந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. அதற்கு முன்பிருந்த வெப்பச் சோதனைகளில் மார்ஃபின் வகை மருந்துகள் அகப்பட்டன. ஆஸ்பிரின் வகை நழுவிவிட்டது. வயிற்றில் அமிலம் செலுத்தினால் ஆஸ்பிரினும் அகப்பட்டது, அதுவும் குறைந்த அளவிலேயே.

இவ்வளவு நுட்பமான வலையில் வேண்டாத மீனும் சேர்ந்து விழும். தசையைத் தளர்த்தும் மருந்துகள் நெளிவைக் குறைக்கின்றன. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஆன்ட்டிஹிஸ்டமின்கள் குறைக்கின்றன. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் குறைக்கின்றன. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் குளோனிடின் குறைக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் தலைவலிக்கு விழுங்குவதில்லை. வலி ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இது: நெளிவு குறையவில்லை என்றால் சாற்றைக் கைவிடலாம், குறைந்தது என்பதற்காக வலிநிவாரணி என்று பெயர் சூட்ட முடியாது. வடிகட்டுவதற்காகச் செய்த கருவி, நம் கட்டுரைகளில் பல இடங்களில் தீர்ப்பு வழங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பச்சிலைச் சாறுகளில் தூக்கம் வரவழைப்பவை ஏராளம். அரைமயக்கத்தில் கிடக்கும் சுண்டெலி நெளியாது. அதைச் சோதிக்க எளிய வழியும் இருக்கிறது. 1957 முதல் புழக்கத்தில் உள்ள ரோட்டாராட் என்ற சுழலும் உருளையின் மேல் எலியை ஏற்றி, விழாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தால் போதும். பெரும்பாலான மருந்தியல் கல்லூரிகளில் இந்தக் கருவி உண்டு. இருந்தும் எத்தனையோ கட்டுரைகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. நெளிவை எண்ணுபவருக்கு எந்த எலி சாறு குடித்தது என்பது தெரியுமா, தெரியாதா என்பதும் எழுதப்படுவதில்லை. முழு நெளிவா அரை நெளிவா என்று நொடிக்கு நொடி கண் முடிவு செய்யும் வேலை இது. விடை தெரிந்த கண் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும்.

வெப்பச் சோதனைகளுக்கு வேறு வகைத் தொல்லைகள். 55 டிகிரி சூட்டுத் தட்டில் சுண்டெலியை விட்டால் சில நொடிகளில் பாதத்தை நக்கும், அல்லது குதிக்கும். பாதம் வெந்துவிடாமலிருக்க ஒரு கால வரம்பு வைத்து எடுத்துவிட வேண்டும். ஒருமுறை சூடுபட்ட எலி மறுமுறை தட்டில் வைத்ததுமே குதிக்கப் பார்க்கும். அங்கே அளக்கப்படுவதில் பாதி நினைவாற்றல். வாலில் ஒளிக்கற்றையைக் குவித்து, அது வாலை எப்போது இழுக்கிறது என்று அளக்கும் சோதனையை 1941இல் டி அமோரும் ஸ்மித்தும் வகுத்தார்கள். தண்டுவடத்தைத் துண்டித்த எலியும் இந்தச் சோதனையில் வாலை இழுக்கும். மூளைக்குச் செய்தி போகாமலே நடக்கும் அசைவு அது. தவிர, வாலின் தோல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் எலி இழுக்கும். ஒரு சாறு இரத்த நாளங்களைச் சுருக்கி வாலைக் குளிரவைத்தால், வலியைத் தொடாமலே வலிநிவாரணிபோலத் தோன்றும்.

இருக்கும் சோதனைகளில் எனக்கு மதிப்பு உண்டாக்கியது ஃபார்மலின் சோதனை. டுபுய்சனும் டென்னிஸும் 1977இல் விவரித்தது. பாதத்தில் சிறிது ஃபார்மலின் செலுத்தியதும் ஐந்து நிமிடம்போல எலி பாதத்தை நக்கும், தூக்கிவைத்துக்கொள்ளும். பிறகு ஓர் அமைதி. கால்மணி நேரத்துக்குப் பின் மீண்டும் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும். முதல் கட்டம் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால் வருவது. இரண்டாவதில் அழற்சியும், தண்டுவடம் கூருணர்வு பெற்றுவிடுவதும் சேர்ந்திருக்கின்றன. மார்ஃபின் இரு கட்டங்களையும் அடக்கும். ஆஸ்பிரின் வகை பெரும்பாலும் இரண்டாவதை மட்டும். ஆக ஒரே எலியிடமிருந்து, சாறு எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்பதற்குக் குறிப்பு கிடைக்கிறது. மார்ஃபின் வகை ஓபியாய்டுகளின் வேலையைத் தடுக்கும் நலோக்ஸோனைக் கொடுத்தபின் சாற்றின் விளைவு மறைந்துபோனால், அது ஓபியாய்டு வழியாக இயங்குகிறது என்று மேலும் ஓர் அடி எடுத்துவைக்கலாம்.

வலியோடு வீக்கத்தையும் சோதிக்கும் ஆய்வுகளில், வீக்கம் உண்டாக்க எலியின் பாதத்தில் செலுத்துவது கராஜீனன். செங்கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் இருக்கிறது. மண்டபம், பாம்பன் கரையோரத்தில் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பது இந்தப் பொருளின் ஒரு வகைக்காகத்தான். எலிப் பாதத்துக்குப் பெரும்பாலும் போவது வேறொரு வகை.

இனி அளவுக்கு வருவோம். நம் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது இந்தக் கணக்கைத்தான், பெரும்பாலும் காணாமல் போயிருப்பதும் இதுதான். சுண்டெலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற, உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு 12.3ஆல் வகுப்பது வழக்கம். டைக்ளோபினாக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய 49 மில்லிகிராம் வருகிறது. கடையில் விற்கும் மாத்திரை 50 மில்லிகிராம். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. அதே கணக்கில் 400 மில்லிகிராம் சாறு, மனிதருக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் உலர்ந்த சாறாகிறது. பத்து விழுக்காடு சாறு கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 20 கிராம் உலர்ந்த இலை. பச்சை இலையாக 100 கிராமுக்கு அருகில். ஒரு வேளைக்கு. சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும், அவற்றில் ஒன்றிரண்டுதான் வேலை செய்யும் என்பது சரியே. ஆனால் அந்த ஒன்றிரண்டைப் பிரித்தெடுக்கும்வரை மற்றவற்றையும் சேர்த்துத்தானே கல்லீரல் சமாளிக்க வேண்டும்?

நொச்சியை நம் வீடுகளில் எப்படிப் பயன்படுத்துகிறோம்? கொதிநீரில் போட்டு வேது பிடிக்கிறோம். வதக்கித் துணியில் கட்டி மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்கிறோம். தலையணைக்குள் வைக்கிறோம். எத்தனாலில் இறக்கிய நொச்சிச் சாற்றைக் குழாய் வழியாக எலியின் இரைப்பைக்குள் விட்டுச் செய்யும் சோதனை, இந்த வழக்கங்களில் எதையும் உறுதிசெய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒத்தடத்தில் சூட்டின் பங்கு எவ்வளவு, இலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வேறு ஆய்வு. கொழும்புப் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட நொச்சி ஆய்வு இந்த வகையில் சற்று நெருங்கி வந்தது. பறித்த முதிர்ந்த இலையை உலர்த்தாமல் நீரிலேயே சாறெடுத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். வீக்கத்தையும் வலியையும் மட்டும் பார்த்து நிறுத்தாமல் ஹிஸ்டமினை எதிர்க்கிறதா என்றும் பார்த்தார்கள். எதனால் என்ற கேள்வி அங்கே எழுந்துவிட்டது.

எலியைச் சோதிப்பவரும் சோதனையின் ஒரு பகுதிதான். மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014இல் ஒரு விந்தையை வெளியிட்டது. ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தால் எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. பெண் ஆய்வாளர் இருந்தபோது அப்படி இல்லை. ஓர் ஆண் முந்தைய இரவு அணிந்திருந்த டி-ஷர்ட்டை அருகில் வைத்தாலே போதுமாக இருந்தது. ஆண் பாலூட்டிகளின் வாடை எலிக்கு அச்சமூட்டுகிறது. அச்சம் வலியை அடக்குகிறது. குழாய்க்குள் 15 நிமிடம் அடைத்துவைப்பதற்கு ஈடான பதற்றம் என்று அளந்து சொன்னார்கள். கட்டுப்பாட்டுக் குழுவை மாணவியும் மருந்துக் குழுவை மாணவரும் பார்த்துக்கொண்டால் ஒரு புது ‘வலிநிவாரணி’ பிறந்துவிடும். இதே மோகில் 2005இல் இன்னொன்றையும் எண்ணிக் காட்டியிருந்தார். ‘பெயின்’ இதழில் பத்தாண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளில் குறைந்தது 79 விழுக்காடு ஆண் விலங்குகளை மட்டுமே பயன்படுத்தியவை. மனிதரில் நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள்.

பச்சிலை ஆய்வுகளைக் கல்லூரி வேலை என்று தள்ளிவிட்டு, பெரிய நிறுவனங்களின் புதிய சேர்மங்கள் மட்டும் சரியாகப் போகின்றன என்று நினைத்துவிடக் கூடாது. நரம்புகளில் வலிச் செய்தியைக் கடத்தும் ‘சப்ஸ்டன்ஸ் பி’யின் ஏற்பியை அடைத்தால் வலி நிற்கும் என்று 1990களில் பல நிறுவனங்கள் நம்பின. விலங்குகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தன. மனிதர்களில், பல் பிடுங்கிய வலி முதல் நரம்பு வலி வரை, பெரும்பாலும் பலிக்கவில்லை. அந்த வகையில் வந்த அப்ரெபிடன்ட் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்கு. ஃபைசர் நிறுவனத்தின் சேர்மம் ஒன்று, உடலே செய்யும் கஞ்சாவை ஒத்த பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்க வந்தது. 2012இல் வெளியான மூட்டுத் தேய்மான ஆய்வில் அது அந்த நொதியை 96 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தது. முழங்கால் வலியில் மாற்றமில்லை. ஒப்பீட்டுக்குக் கொடுத்த பழைய நாப்ராக்ஸென் வேலை செய்தது. அதே நொதியைக் குறிவைத்த இன்னொரு நிறுவனத்தின் சேர்மம் விலங்குச் சோதனைகளையெல்லாம் கடந்துவந்து, 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவரின் உயிரைப் பறித்தது.

செடியிலிருந்து தொடங்கி ஒழுங்காகப் போன பயணங்களும் உண்டு. சீன மருத்துவத்தில் வலிக்குப் பயன்படும் கோரிடாலிஸ் கிழங்கைப் பற்றிய ஆய்வு 2014இல் ‘கரன்ட் பயாலஜி’யில் வந்தது. சாற்றை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, டீஹைட்ரோகோரிபல்பின் என்ற ஒரு பொருளைத் தனித்தெடுத்தார்கள். அதைச் சுண்டெலிகளின் திடீர் வலி, அழற்சி வலி, நரம்பு வலி மூன்றிலும் சோதித்தார்கள். மயக்கம் தராத அளவு எது என்று வரையறுத்தார்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தால் மார்ஃபின்போலப் பயன் மங்குகிறதா என்று பார்த்தார்கள், மங்கவில்லை. டோபமினின் டி2 ஏற்பி இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளில் அதன் விளைவு பெரிதும் இல்லாமல் போனது. ‘எதனால்’ என்பதற்கு அங்கே பெயர் சொல்லும்படி ஒரு விடை இருக்கிறது. மனிதரில் பலிக்குமா என்பது தனி வழக்கு.

விலங்கின் அசைவை மட்டும் நம்பாமல் வேறு அடையாளங்களைத் தேடும் முயற்சியும் நடக்கிறது. 2010இல் மோகிலின் குழு சுண்டெலியின் முகத்தையே அளவுகோலாக்கியது: கண் சுருங்குகிறதா, மூக்கும் கன்னமும் புடைக்கிறதா, காதும் மீசையும் எப்படி நிற்கின்றன. 2009இல் அரிசோனாவில் ஃபிராங்க் பொரெக்காவின் குழு இன்னும் தந்திரமாக யோசித்தது. நரம்பு காயம்பட்ட எலிக்கு ஓர் அறையில் வலிநிவாரணியும் மற்றோர் அறையில் வெறும் உப்புநீரும் தண்டுவடத்தில் செலுத்திவிட்டு, பிறகு விருப்பம்போல் போகவிட்டார்கள். எலி வலி தணிந்த அறையைத் தேடிப் போனது. காயமில்லாத எலிக்கு அந்த அறையின் மேல் தனி விருப்பம் இல்லை. எனவே காயம்பட்ட எலி போதையைத் தேடிப் போகவில்லை. அதற்கு அதுவரை வலித்துக்கொண்டிருந்தது. பேச முடியாமை வலி இல்லாமைக்குச் சான்றாகாது என்று பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வெளியிட்ட வலி விளக்கத்தில் உள்ள குறிப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மெதுவாக வேலை செய்யும் பச்சிலைச் சாற்றுக்கு அறைச் சோதனை பொருந்தாது. மருந்து கொடுத்ததும் வலி தணிந்தால்தான் எலி அறையோடு அதைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும். கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. எலிக்குத் தோண்டுவது இயல்பு. ஒரு முனை மூடிய குழாயில் இரண்டரைக் கிலோ கூழாங்கல் நிரப்பிக் கூண்டில் வைத்தால், நலமாக உள்ள எலி அவற்றைக் கிளறி வெளியே தள்ளிவிடும். பாதம் வீங்கிய எலி குறைவாகத் தள்ளும். இபுபுரோஃபென் கொடுத்தால் மீண்டும் தள்ளத் தொடங்கும். எவ்வளவு கல் வெளியே வந்தது என்று எடை போட்டால் போதும். நெளிவை எண்ணும் கண்ணின் சாய்வுக்கு இடமில்லை. தூக்கம் தரும் சாறு குடித்த எலி அசையாமல் கிடந்து அமிலச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். இங்கே கல் அப்படியே கிடக்கும்.